முன்பணம் வாங்கிய வழக்கு

நடுவர் அவர்களே, பாம்பன் மக்களே, வணக்கம். பணக்காரர் காசில் அடுத்தவர் நடத்தும் வழக்கு நீதிக்குத் துணையா, இடைஞ்சலா? இடைஞ்சல் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் உருக்கமாகக் கேட்டார்: ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போய்வர பஸ் காசு இல்லாத கருவாட்டுக்கார அம்மாவுக்கு ஒரு பணக்காரர் வக்கீல் வைத்துக் கொடுத்தால் உனக்கு என்னப்பா வலிக்குது? வலிக்கலைண்ணே. ஆனால் முன்பணம் வாங்கிய வள்ளக்காரரைக் கேட்டுப் பாருங்கள். கொடுத்த வியாபாரிக்குத்தான் மீன், அவர் சொன்னதுதான் விலை. வழக்கும் அப்படித்தான்.

அமெரிக்காவில் மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகனின் அந்தரங்க வீடியோவை ‘காக்கர்’ இணையதளம் வெளியிட்டது. தப்புதான், அவர் வழக்குப் போட்டது நியாயம்தான். 2016 மார்ச்சில் ஜூரி 14 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. பின்னாலிருந்து பணம் கொடுத்தவர் பீட்டர் தீல் என்ற கோடீஸ்வரர் என்பது மே மாதம்தான் வெளியே வந்தது. செலவு சுமார் 1 கோடி டாலர். 2007இல் அவருடைய அந்தரங்கத்தை இதே நிறுவனம் எழுதியிருந்தது. மனுஷன் எத்தனை வருஷம் மனசில் வைத்திருந்திருக்கிறார் பாருங்கள்!

இதைக் கவனியுங்கள் நடுவரே. காக்கருக்காக இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்ட வாய்ப்பிருந்த ஒரு கோரிக்கையை ஹோகன் தரப்பே வழக்கிலிருந்து விலக்கிக்கொண்டது. நஷ்டஈடு கேட்டு வந்தவர், கொடுக்கிற கையை ஏன் தட்டிவிட வேண்டும்? சொந்தக் காசில் கட்டினால்தானே காக்கர் மூழ்கும்! ஜூனில் திவால் மனு போட்டது. கடைசியில் ஹோகனோடு 3.1 கோடி டாலருக்குச் சமரசம்.

நம்ம நாட்டில் வழக்கில் கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்க வக்கீலுக்குத் தடை. வெளியாள் பணம் கொடுக்கத் தடையில்லை. 1876லேயே, வெள்ளைக்காரர் காலத்தில் நம்ம வழக்குகளுக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. பிறரை நசுக்கும் நோக்கமென்றால் செல்லாது என்றும் சேர்த்தே சொன்னது. சரி, கொடுத்தவர் பெயரே தெரியாதபோது நோக்கத்தை எங்கே போய்த் தேடுவது?

ஏழைக்கு வேறு வழி? 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்றாலும், பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. (அந்த வக்கீல் சுமார்தான் என்று யாரோ முணுமுணுக்கிறீர்கள். அதைச் சரிசெய்யச் சொல்லி சேர்ந்தே கேட்போம்.) இறால் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996இல் கடற்கரைகளைக் காக்கும் தீர்ப்பு வந்தது. அவர் யார், எதற்கு வந்திருக்கிறார் என்று ஊருக்கே தெரியும்.

எதிரணிக்கு ஒரே கேள்வி. எதிராளி சமரசத்துக்கு வருகிறார், அந்த அம்மா சரி என்கிறார், காசு கொடுத்தவர் வேண்டாம் என்கிறார். வக்கீல் யார் பேச்சைக் கேட்பார்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் மேலே பேசுங்கள்.