வெளுப்பு தெரியும் வரை காத்திருக்க வேண்டாம்

வணக்கம் நேயர்களே. ஆறு மாதம் முடிந்த குழந்தை வீட்டில் இருந்தால், கிராம சுகாதார செவிலியர் மூலமாகவோ அங்கன்வாடியிலோ ஒரு இரும்புச்சத்து டானிக் பாட்டில் கிடைத்திருக்கும். கொடுக்கிறீர்களா என்று கேட்டால், குழந்தை மருத்துவரான எனக்கு அடிக்கடி கிடைக்கிற பதில், "பிள்ளை நல்லாத்தானே இருக்கு டாக்டர், வெளுத்துப்போகலையே?"

அங்கேதான் சிக்கல். உடம்பில் இரும்பு குறையத் தொடங்கினால், இருப்பதை முதலில் ரத்தச் சிவப்பணுக்கள் எடுத்துக்கொள்ளும். அதனால் ரத்தம் குறைவதற்கு முன்பே மூளைக்குப் போகும் பங்கு குறைந்துவிடும். கண் இமையை இழுத்துப் பார்த்து வெளுப்பு தெரிகிற நேரத்தில், மூளை கொஞ்ச காலமாகவே பற்றாக்குறையில் இருந்திருக்கும். நரம்பு இழைகளின் மேல்உறை உருவாக, கவனமும் நினைவாற்றலும் வளர, இரும்பு வேண்டும். இந்த வேலை வேகமாக நடப்பதே முதல் இரண்டு வயதில்தான். மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகாவில் ஆய்வாளர் பெட்சி லோசாஃப் குழுவினர், கைக்குழந்தையாக இருந்தபோது இரும்புக் குறைபாடு நீடித்திருந்தவர்களை 19 வயது வரை பின்தொடர்ந்தார்கள். ரத்தம் சரியான பிறகும் அவர்கள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியே இருந்தார்கள், அதிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த இடைவெளி வருடம் போகப்போகக் கூடியது. இதைப் படித்தபோது எனக்கு மனது கனத்துப்போனது.

தாய்ப்பாலில் இரும்பு குறைவு. தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த சேமிப்பு ஆறு மாதம் வாக்கில் தீர்ந்துவிடும். குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு இன்னும் சீக்கிரமே தீரும், அவர்களுக்கு முன்கூட்டியே தொடங்க வேண்டும், டாக்டரைக் கேளுங்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் ரத்தசோகை உள்ள குழந்தைகள் நம் தமிழ்நாட்டில் மட்டும் 57 சதவீதம். பாதிக்கு மேல்!

சரி, எப்படிக் கொடுப்பது? வாரம் 2 நாள், ஒவ்வொரு முறையும் 1 மி.லி., அவ்வளவுதான். கிழமையை முடிவு செய்து காலண்டரில் குறித்து வையுங்கள். மலம் கருப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தாதீர்கள். காய்ச்சல், கடுமையான எடைக்குறைவு, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அப்புறம் சாப்பாடு. டீயில் பிஸ்கட் நனைத்து ஊட்டுவதை தயவுசெய்து விடுங்கள், டீ இரும்பைச் சேரவிடாது. ஒரு வயதுக்குள் பசும்பாலும் வேண்டாம். ஆட்டு ஈரல், சுவரொட்டி, முட்டை, மசித்த பருப்பும் கீரையும் கொடுக்கலாம், பருப்பு சாதத்தில் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் அதிலுள்ள இரும்பு நன்றாகச் சேரும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள், பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இனிப்பாக இருக்கிறதென்று மூத்த பிள்ளை எடுத்து மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.