ஓடர் ஆற்றின் இரு கரைகளிலும் ஒரு கல்விக்கூடம்

அவையோருக்கு வணக்கம்.

ஜெர்மனிக்கும் போலந்துக்கும் எல்லையாக ஓடும் ஓடர் ஆற்றின் மேற்குக் கரையில் பிராங்பர்ட் என்னும் நகரம் உள்ளது. வங்கிகளால் பெயர்பெற்ற பிராங்பர்ட் மைன் ஆற்றங்கரையில் இருக்கிறது. இது வேறு ஊர். 1945 வரை கிழக்குக் கரையும் இந்நகரின் புறநகராகவே இருந்தது. போர் முடிந்து எல்லை ஆற்றோடு வகுக்கப்பட்டபோது, அப்புறநகர் ஸ்வூபிட்சே என்னும் போலந்து நகரமாயிற்று. அங்கிருந்த ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய வீடுகளில் குடியேறிய போலந்து மக்களிலும், தங்கள் ஊர்களைச் சோவியத் ஒன்றியத்திடம் பறிகொடுத்து வந்தவர்கள் உண்டு.

இந்த மண்ணில்தான், பிராங்பர்ட் கரையில், 1991இல் வியாட்ரினா பல்கலைக்கழகம் மீண்டும் பிறந்தது. 1506இல் தோன்றி, இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட் சில காலம் பயின்ற பழைய பல்கலைக்கழகம் 1811இல் மூடப்பட்டிருந்தது. புதிய பல்கலைக்கழகம், போலந்தின் போஸ்னான் நகரிலுள்ள ஆடம் மிக்கியேவிச் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, ஸ்வூபிட்சேயில் கொலேகியம் போலோனிகம் என்னும் கூட்டுக் கல்வி நிலையத்தை 1998இல் திறந்தது. ஒரு கரையில் தங்கி மறுகரையில் படிக்கும் மாணவர் நடந்தே பாலத்தைக் கடக்கலாம். ஆனால் எல்லைச் சோதனையின்றி நாடுகளிடையே சென்றுவர வழிசெய்யும் ஷெங்கன் ஏற்பாட்டில் 2007 டிசம்பரில் போலந்து சேரும் வரை, வகுப்புக்குப் போவதற்கும் எல்லைக் காவலரிடம் ஆவணத்தைக் காட்ட வேண்டியிருந்தது.

ஒரு நிலப்பகுதியின் வரலாறு, மொழி, வாழ்க்கை ஆகியவற்றைச் சேர்த்து ஆராயும் வட்டார ஆய்வுக்கு இத்தகைய இடம் ஏன் வேண்டும்? ஸ்வூபிட்சேயின் ஒரே தெருவுக்கு 1945க்கு முந்தைய ஆவணங்கள் ஜெர்மன் மொழியிலும், பிந்தையவை போலிஷ் மொழியிலும் இருக்கின்றன. ஒரு மொழி மட்டும் அறிந்தவர், எவ்வளவு பெரிய அறிஞராயினும், அத்தெருவின் பாதிக் கதையைத்தான் எழுத முடியும். போலிஷ் இலக்கியத்தை வாழ்நாளெல்லாம் ஜெர்மனுக்குப் பெயர்த்த கார்ல் டெடேசியுஸின் ஆவணக்காப்பகம் கொலேகியம் போலோனிகத்திலேயே அமைந்திருப்பதை நான் மிகப் பொருத்தமாகக் கருதுகிறேன். போலந்தின் லோட்ஜ் நகரில் பிறந்து, ஜெர்மன் படைவீரராக ஸ்டாலின்கிராடில் சோவியத் படையிடம் சிறைப்பட்டு, பகைமையின் கொடுமையை நேரில் கண்டவர் அவர்.

ஆவணங்களுக்கு மட்டுமன்று, ஆற்றுக்கும் இது பொருந்தும். 2022 கோடையில் ஓடரில் மீன்கள் பெருந்திரளாகச் செத்து மிதந்தன. உப்பேறிய கழிவுநீரும் வெப்பமும் குறைந்த நீரோட்டமும் சேர்ந்து பெருக்கிய நச்சுப்பாசியே காரணமென ஆய்வுகள் பின்னர் கூறின. மேற்பகுதியில் போலந்தில் மீன்கள் சாகத் தொடங்கிய செய்தி ஜெர்மானிய அதிகாரிகளுக்கு உரிய காலத்தில் எட்டவில்லை. ஆறு ஒன்று, அதைக் கவனித்த அலுவலகங்களோ இரண்டு நாடுகளுடையவை. நீரியலும் சட்டமும் மொழியும் அறிந்தவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து பழகியிருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

2023 அக்டோபரில் ஜெர்மனி எல்லைச் சோதனையை மீண்டும் கொண்டுவந்தது. 2025 ஜூலையில் போலந்தும் தன் பக்கம் தொடங்கியது. அன்றாடம் பாலத்தைக் கடப்போர் அதனால் படும் பாட்டை, அதே பாலத்தைக் கடக்கும் மாணவர்கள் இரு கரைகளிலும் இரு மொழிகளிலும் கேட்டு, இப்போதே பதிந்து வைக்க வேண்டும்.