ஸ்கேன்ல "செர்விக்ஸ் 22 மி.மீ."னு வந்தா படுத்தே கிடக்கணுமா?

அஞ்சாம் மாச ஸ்கேன். குழந்தையோட இதயம் நல்லா இருக்கு, மூளை நல்லா இருக்கு, கை காலெல்லாம் சரியா இருக்கு. ரிப்போர்ட்டோட கடைசியில மட்டும் ஒரு வரி: "செர்விக்ஸ் நீளம் 22 மி.மீ." செர்விக்ஸ்னா கர்ப்பப்பை வாய். அன்னிக்கு ராத்திரியே வீட்டுல தீர்ப்பு வந்துடும். "கட்டிலை விட்டு இறங்காதே. காலைத் தூக்கி வெச்சுப் படு."

முழு வீடியோவும் பார்க்க நேரம் இல்லாதவங்களுக்காக முக்கியமானதை முதல்லயே சொல்லிடுறேன். கர்ப்பப்பை வாய் குட்டையா இருந்தா, அதுக்குப் பலன் தர்ற வைத்தியம் உண்டு. படுத்தே கிடக்கிறது அந்தப் பட்டியல்ல இல்ல. ஏன்னு பார்ப்போம்.

கர்ப்பப்பையை ஒரு சுருக்குப் பையா நினைச்சுக்கோங்க. தலைகீழாத் தொங்குற சுருக்குப் பை. மேல இருக்கிற பை முழுக்க தசை. வாய்ப் பக்கம் தசை கம்மி, கொலாஜன்ங்கிற நார்தான் அதிகம். பிரசவம் நெருங்க நெருங்க அந்த நார் இளகும், வாய் மெத்துன்னு ஆகும், நீளம் குறையும், அப்புறம் திறக்கும். 37 வாரம் தாண்டி நடந்தா நிறைமாசப் பிரசவம், அதுக்கு முன்னாடின்னா குறைப்பிரசவம். முன்னாடி குறைப்பிரசவம் ஆனவங்க, கர்ப்பப்பை வாயில ஏதாவது ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க, கர்ப்பப்பையோட வடிவத்துலயே வித்தியாசம் இருக்கிறவங்க, இரட்டைக் குழந்தை சுமக்கிறவங்க, இவங்களுக்கெல்லாம் ஆபத்து கூடுதல். ஆனா எந்தக் காரணமும் இல்லாம, முதல் கர்ப்பத்துலயே குட்டையா இருக்கிறவங்களும் நிறைய. நீங்க மாடிப்படி ஏறினதால ஆனது இல்ல இது. இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா இந்த வரியைப் படிச்சதும் பாதிப் பேர் பழியைத் தன் மேலதான் போட்டுக்கிறாங்க.

சரி, இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. இந்த 22ங்கிற எண்ணை எப்படி அளக்கிறாங்க?

உங்க கட்டைவிரலைப் பாருங்க. நுனியில இருந்து முதல் மடிப்பு வரைக்கும் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். நடு கர்ப்பத்துல வாயோட சராசரி நீளம் அதை விடக் கொஞ்சம் கூட, 35 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். 24 வாரத்துக்கு முன்னாடி 25 அல்லது அதுக்குக் கீழ வந்தா "குட்டை"ங்கிறாங்க. 24 வாரத்துல இருக்கிற நூறு கர்ப்பிணிகளை நீளப்படி வரிசையா நிறுத்தினா, கடைசிப் பத்துப் பேர் இந்தக் கோட்டை ஒட்டியும் அதுக்குக் கீழயும் வருவாங்க. அங்கிருந்து வந்ததுதான் இந்த 25.

இதுல என்ன சிக்கல்னா, நாம பேசுறதே மில்லிமீட்டர் கணக்கு. அளக்கிற விதத்துல சின்னத் தப்பு நடந்தாலும் 22 அப்படியே 30 ஆயிடும். வயித்து மேல கருவியை வெச்சுப் பார்த்தா வாய் பல பேருக்குத் தெளிவாத் தெரியாது. அதைத் தெரிய வைக்க மூத்திரப்பையை நிரப்பச் சொல்வாங்க. நிரம்பின பை பக்கத்துல இருந்து அழுத்தி, வாயை நீட்டிக் காட்டிடும். உள்ளே வைக்கிற கருவியைக் கொஞ்சம் பலமா அழுத்தினாலும் அதே கதைதான். கவனிச்சீங்களா? இந்தத் தப்புகள் எல்லாமே "நீளமா இருக்கு, கவலை இல்ல"ங்கிற பக்கமே சாயுது. அதனால ஆபத்துள்ள ஒருத்தருக்கு வயித்து மேல பார்த்த "32 மி.மீ."யை மட்டும் நம்பி நிம்மதியா இருந்துடக் கூடாது.

சரியா அளக்கிற முறை இது. முதல்ல மூத்திரம் போயிட்டு வரணும். கருவியைப் பிறப்புறுப்பு வழியா மெதுவா வைக்கணும். படம் தெரிஞ்சதும் கருவியைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, படம் மங்குறதைப் பார்த்து, மறுபடி தெரியுற அளவுக்கு மட்டும் தொடணும். வாயோட முன் உதடும் பின் உதடும் ஒரே தடிமன்ல தெரியணும். ஒண்ணு நசுங்கியிருந்தா அழுத்தம் கூடிப்போச்சுன்னு அர்த்தம். உள்வாயில இருந்து வெளிவாய் வரைக்கும் மூணு தடவை அளந்து, மூணுல குறைஞ்சதை எழுதணும். சராசரியை எழுதக் கூடாது. அவசரப்படாம 3 நிமிஷமாவது பார்க்கணும், ஏன்னா சில பேருக்குப் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே வாய் குறைஞ்சு, மறுபடி நீளும்.

உள்ளே கருவி வெச்சா குழந்தைக்கு ஆபத்தான்னு நிறையப் பேர் பயப்படுறாங்க. அது வாய்க்குள்ள போகவே போகாது, வெளியிலயே நின்னுடும். அதனால பிரசவ வலி வராது. தயவு செய்து இந்த ஸ்கேனை வேண்டாம்னு சொல்லாதீங்க.

[திரையில்: நாலு எழுத்துகள் ஒண்ணொண்ணா மாறுது]

இன்னும் ஒரு அழகான விஷயம். வாய் உள்பக்கத்துல இருந்துதான் திறக்க ஆரம்பிக்கும். அதனாலதான் விரலால பரிசோதிச்சா ஆரம்பத்துல ஒண்ணும் தெரியுறதில்ல. ஸ்கேன்ல அந்த மாற்றம் ஆங்கில எழுத்து மாதிரியே தெரியும். மூடின வாய் 'டி' (T). உள்வாய் லேசா விரிஞ்சா 'ஒய்'. இன்னும் விரிஞ்சா 'வி'. பனிக்குடம் உள்ளே இறங்கி வட்டமா உக்காந்தா 'யூ'. ரிப்போர்ட்ல "ஃபனலிங்"னு போட்டிருந்தா இதைத்தான் சொல்றாங்க, புனல் மாதிரி விரிஞ்சிருக்குன்னு. ஃபனலிங் இருந்தாலும் மூடியிருக்கிற மிச்ச நீளம் எவ்வளவுங்கிறதுதான் முடிவு பண்ணும். அதைக் கேளுங்க.

இந்த எண் பிரசவத் தேதி கிடையாது. 2007ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுல, 15 மி.மீ.யும் அதுக்குக் கீழயும் இருந்தவங்களைத் தொடர்ந்து பார்த்தாங்க. மருந்தே இல்லாத மாத்திரை கொடுக்கப்பட்டவங்கள்ல 34 வாரத்துக்கு முன்னாடி பிரசவம் ஆனது 34 சதவீதம். அதாவது, அவ்வளவு குட்டையா இருந்தும் மூணுல ரெண்டு பேர் 34 வாரத்தைத் தாண்டினாங்க. நிஜமான மருந்து, அதாவது புரோஜெஸ்ட்ரோன்ங்கிற ஹார்மோன், வெச்சுக்கிட்டவங்கள்ல அந்த 34 சதவீதம் 19 ஆச்சு.

அந்த புரோஜெஸ்ட்ரோன்தான் பெரும்பாலானவங்களுக்கு முதல் வைத்தியம். வழக்கமா 200 மில்லிகிராம், தினம் ராத்திரி, பிறப்புறுப்புல வைக்கணும். 36 வாரம் முடியுற வரைக்கும் தொடரும். கையைக் கழுவிட்டு, படுத்துக்கிட்டு, விரல் போற வரைக்கும் உள்ளே தள்ளுங்க. படுக்கப்போறதுக்கு முன்னாடி வெச்சா ஒழுகுறது குறையும். காலையில எண்ணெய்ப் பிசுக்கா, வெள்ளையா கொஞ்சம் வரும். அது மாத்திரையோட உறை, மருந்து வெளியேறிடுச்சுன்னு பயந்து இன்னொண்ணு வைக்காதீங்க. சில தயாரிப்புகள்ல கடலை எண்ணெய் இருக்கும், ஒவ்வாமை உள்ளவங்க முன்கூட்டியே சொல்லிடுங்க. வாரம் ஒரு தடவை போடுற 17-ஓ.எச்.பி.சி. ஊசி இதுக்குச் சமம் இல்ல. அது வேற மருந்து. பின்னால வந்த பெரிய ஆய்வுல பலன் காட்டாததால 2023ல அமெரிக்கா அதுக்கு அனுமதியை ரத்து பண்ணிடுச்சு.

அடுத்தது தையல். சுருக்குப் பைன்னு சொன்னேன் இல்லையா, அந்த ஒப்புமை இங்கே அப்படியே நிஜமாகுது. மருத்துவத்துல இந்தத் தையலுக்குப் பேரே சுருக்குப் பைத் தையல்தான். வாயைச் சுத்தி நாலஞ்சு இடத்துல ஊசி ஏத்தி இறக்கி, நூலை இழுத்து முடிச்சுப் போடுவாங்க. 1957ல மெல்போர்ன் டாக்டர் மெக்டொனால்ட் எழுதின முறை இது. ஆனா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1955ல, மும்பை டாக்டர் ஷிரோத்கர் ஒரு முறையை எழுதிட்டார். வாயைச் சுத்திக் கட்ட அவர் நூலைப் பயன்படுத்தல! அந்தப் பெண்ணோட தொடையில இருந்தே ஒரு திசுப் பட்டையை எடுத்து, அதால வாயைச் சுத்திக் கட்டினார். அவர் பேர்ல அந்தத் தையல் இன்னிக்கும் உலகம் முழுக்க இருக்கு.

யாருக்குத் தையல்? முன்னாடி குறைப்பிரசவமோ, வலியே இல்லாம நடுமாசத்துல கரு நழுவினதோ இருந்து, இப்ப 24 வாரத்துக்குள்ள 25 மி.மீ.க்குக் கீழ குறைஞ்சவங்களுக்குத் தெளிவான பலன் உண்டு. நடுமாச இழப்பு திரும்பத் திரும்ப நடந்தவங்களுக்கு ஸ்கேனுக்குக் காத்திருக்காம 12ல இருந்து 14 வாரத்துக்குள்ள போடுவாங்க. வாயே திறந்து பனிக்குடம் தெரிஞ்சா, அவசரமாப் போடுற தையலும் உண்டு. முதல் கர்ப்பம், எண் மட்டும் குறைவுன்னா, பொதுவா முதல்ல புரோஜெஸ்ட்ரோன்தான். இரட்டைக் குழந்தைக்கு, நீளம் குறைவுங்கிற ஒரே காரணத்துக்காகத் தையல் போடுறதுல பலன் நிரூபணம் ஆகல. கிருமித் தொற்று, விடாத ரத்தப்போக்கு, நிஜமான வலி, உடைஞ்ச பனிக்குடம் இதுல எது இருந்தாலும் தையல் போடக் கூடாது.

பெசரின்னு, வாயைச் சுத்தி மாட்டுற ஒரு சிலிக்கோன் வளையம் உண்டு. 2023ல ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, அதுல பலனும் இல்லாம குழந்தை இழப்பும் கூடினதால பாதியிலயே நிறுத்தப்பட்டுச்சு. அவ்வளவுதான் அதைப் பத்தி.

இப்ப பெட் ரெஸ்ட். இதைப் பாட்டி மட்டும் சொல்லல, டாக்டர்களே பல காலமா சொல்லிட்டு இருந்தாங்க. கேட்டா நியாயமாவும் தோணும்: நின்னா பாரம் கீழ இறங்கும், படுத்தா இறங்காதுன்னு. ஆனா வாய் இளகுறதுக்குக் காரணம் நாருக்குள்ள நடக்கிற ரசாயன மாற்றம், சில சமயம் கிருமியும் அழற்சியும். படுக்கிறது அதை நிறுத்தாது. 2013ல வந்த ஒரு அலசல்ல, வாய் குட்டையா இருந்த முதல் பிரசவக்காரங்கள்ல, நடமாட்டத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவங்களுக்குக் குறைப்பிரசவம் 37 சதவீதம், சொல்லப்படாதவங்களுக்கு 17 சதவீதம். ஆபத்து அதிகமா இருந்தவங்களைத்தான் படுக்கச் சொல்லியிருப்பாங்கன்னு வாதாடலாம், நியாயம்தான். அதனால படுக்கைதான் கெடுத்துச்சுன்னு நான் சொல்லல. உதவினதுக்கு அடையாளமே இல்லன்னு சொல்றேன். ஆனா வாரக்கணக்கா படுத்தா காலுல ரத்தம் உறையலாம், தசை கரையும், எலும்பு பலவீனமாகும், மனசு உடையும். இது எல்லாம் தெரிஞ்ச கெடுதல்கள். சமையல், குளியல், மெதுவான நடை, உக்காந்து பார்க்கிற வேலை, இதுக்கெல்லாம் தடை தேவையில்ல. கனமானதைத் தூக்குறது, மணிக்கணக்கா நிக்கிறது, இதைக் குறைச்சுக்கோங்க. உடலுறவு பத்தி உங்க டாக்டர்கிட்ட வெளிப்படையாக் கேளுங்க, தையல் போட்டிருந்தா கட்டாயம் கேளுங்க. எரிச்சலே இல்லாட்டியும் மூத்திரக் கல்ச்சர் ஒரு தடவை பண்ணிடுங்க, மறைஞ்சிருக்கிற தொற்றும் வலியைத் தூண்டலாம்.

இதை உங்க அம்மாவுக்கும் மாமியாருக்கும் அனுப்பி வைங்க. நீங்க சொன்னா கேக்காதவங்க வீடியோவைக் கேக்கலாம்.

அடுத்து, உயிரைக் காக்கிற பகுதி: வலியைக் கண்டுபிடிக்கிறது. குறைமாச வலி பல நேரம் வலியாவே வராது. மாதவிலக்கு வர்ற மாதிரி அடிவயித்துல ஒரு பிடிப்பு, விட்டு விட்டு வர்ற முதுகு வலி, கீழே யாரோ அழுத்துற மாதிரி ஒரு பாரம், திடீர்னு கூடின நீர்த்த வெள்ளைப்படுதல். சந்தேகமா இருந்தா மூத்திரம் போயிட்டு, தண்ணி குடிச்சிட்டு, இடது பக்கமா சாஞ்சு படுங்க. ஒரு கை விரல்களை வயித்து மேல வைங்க. இன்னொரு கையால உங்க கன்னத்தைத் தொட்டுப் பாருங்க, அப்புறம் நெத்தியை. வயிறு கன்னம் மாதிரி இருந்தா தளர்வா இருக்கு. நெத்தி மாதிரி கல்லா இறுகினா அது ஒரு சுருக்கம். ஒண்ணு ஆரம்பிச்ச நேரத்துல இருந்து அடுத்தது ஆரம்பிக்கிற நேரம் வரை எழுதுங்க. 20 நிமிஷத்துல 4, இல்ல ஒரு மணி நேரத்துல 6 வந்தா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. தண்ணி ஒழுகினாலோ, ரத்தம் பட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, குழந்தை அசைவு குறைஞ்சாலோ எண்ணிக்கிட்டு உக்காராதீங்க, உடனே போங்க. சூட்டு வலிதான்னு யார் சொன்னாலும் போயிட்டு வந்துடுங்க. சும்மா போயிட்டு வந்தா நஷ்டம் ஒரு ராத்திரித் தூக்கம்தான்.

அங்கே கொடுக்கிற வலி நிறுத்துற மருந்து மாசக்கணக்கா நிறுத்தாது. அதோட வேலை சுமார் 48 மணி நேரம் வாங்கித் தர்றது. அந்த 48 மணி நேரத்துக்கு என்ன மதிப்புன்னு தெரியணுமா? நியூசிலாந்து டாக்டர் லிக்கின்ஸ், பிரசவம் எப்படித் தொடங்குதுன்னு ஆடுகள்ல ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தார். ஸ்டீராய்டு கொடுத்த ஆட்டுக்குட்டி ஒண்ணு ரொம்ப முன்னாடியே பிறந்துடுச்சு. அந்த வயசு நுரையீரல் விரியவே கூடாது. ஆனா குட்டி மூச்சு விட்டுச்சு! அந்தச் சின்ன ஆச்சரியத்தை அவர் விடாமப் பிடிச்சதால, 1972ல குழந்தை டாக்டர் ஹோவியோட சேர்ந்து கர்ப்பிணிகள்ல பலனை நிரூபிச்சார். இன்னிக்கு 24ல இருந்து 34 வாரத்துக்குள்ள, ஒரு வாரத்துக்குள்ள பிரசவம் ஆகும்னு தோணினா, தாய்க்கு பீட்டாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு 12 மி.கி. ஊசி, 24 மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு. இல்லன்னா டெக்சாமெத்தசோன் 6 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒண்ணா நாலு ஊசி. நீளம் குறைவுங்கிறதுக்காக மட்டும் முன்கூட்டியே போட்டு வைக்கிற ஊசி இல்ல இது. போட்ட ஒரு நாள்ல இருந்து ஒரு வாரம் வரைதான் பலன் உச்சத்துல இருக்கும், தேவைப்படுறப்ப அது கைவசம் இருக்கணும். 32 வாரத்துக்கு முன்னாடின்னா குழந்தை மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேட்டும் ஏத்துவாங்க. குறைமாசக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு அந்த ஆஸ்பத்திரியில இருக்கான்னு இப்பவே விசாரிச்சு வைங்க. குழந்தையை வயித்துக்குள்ளயே வெச்சு இடம் மாத்துறது, பிறந்தப்புறம் ஆம்புலன்ஸ்ல கொண்டு போறதை விடப் பத்திரம்.

தையல் போட்டவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: நிஜ வலி வந்தும் தையல் உள்ளேயே இருந்தா வாய் கிழியலாம். அதனால ஆஸ்பத்திரி வாசல்ல சொல்ற முதல் வார்த்தையே "எனக்குத் தையல் இருக்கு"ன்னு இருக்கட்டும். எல்லாம் நல்லபடியாப் போனா 36, 37 வாரத்துல பிரிச்சிடுவாங்க. மெக்டொனால்ட் தையல்னா பெரும்பாலும் மயக்க மருந்துகூடத் தேவையில்ல, சில நிமிஷ வேலை. பிரிச்ச அன்னிக்கே பிரசவம் ஆயிடும்னு எல்லாரும் பையைக் கட்டி வெச்சுக் காத்திருப்பாங்க. நிறையப் பேருக்கு அதுக்கப்புறமும் ஒரு வாரம், ரெண்டு வாரம் ஒண்ணுமே நடக்காது. 20 வாரத்துல "இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள்"னு வேண்டிக்கிட்டவங்க, 39 வாரத்துல "எப்பதான் வலி வரும்?"னு டாக்டரைக் கேட்டுட்டு இருப்பாங்க.