கேம்பிரிட்ஜில் சாயங்காலம் வரை இருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். லண்டனுக்குப் போகிற நம்மவர்கள் பலர் கேம்பிரிட்ஜுக்கென்று ஒரு நாளை ஒதுக்குகிறார்கள். காலையில் போய், நாலு படம் எடுத்துக்கொண்டு, மதியமே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் ரொம்ப வருத்தம். சாயங்காலம் வரை இருந்து பார்க்க வேண்டிய ஊர் அது.

கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து வேக ரயிலில் சுமார் 50 நிமிடம். காலை நெரிசல் நேரம் கழிந்தபின் கிளம்பினால் கட்டணம் குறைவு. பெரியவர்கள் 3 பேர் முதல் 9 பேர் வரை சேர்ந்து போனால், 'குரூப்சேவ்' என்று கேட்டு வாங்குங்கள். மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. ரயிலடியிலிருந்து ஊருக்குள் நடந்தே போய்விடலாம். பேருந்தில் போனால், இறங்கும்போது ஓட்டுநருக்கு ஒரு நன்றி சொல்வது அங்கே வழக்கம். சாலையைக் கடக்கையில் காதை மட்டும் நம்பாதீர்கள். ஊர் முழுக்க சைக்கிள். சத்தமே இல்லாமல் வந்து நிற்கும்.

அப்புறம் கல்லூரிகள். இவை காட்சிக்கூடங்கள் அல்ல; உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள், படிக்கிறார்கள். வாசலில் போர்ட்டர் எனப்படும் வாயிற்காவலர் இருப்பார். முதலில் காலை வணக்கம், பிறகு கேள்வி. இந்த வரிசை அங்கே முக்கியம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை தேர்வுக் காலம். பல கல்லூரிகள் வெளியாட்களை விடுவதில்லை. அந்த மாதங்களில் போவதாக இருந்தால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

முற்றத்துப் புல்வெளியில் மட்டும் கால் வைத்துவிடாதீர்கள். பெரும்பாலான கல்லூரிகளில் அது ஃபெல்லோ எனப்படும் கல்லூரி உறுப்பினர்களுக்கே உரியது. டிரினிட்டி கல்லூரியின் பெரிய முற்றத்தைப் பார்க்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 1918 அக்டோபரில் அந்தக் கல்லூரி நம் ராமானுஜனை ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். கும்பகோணத்துப் பிள்ளைக்கு அந்தப் புல்லில் நடக்கும் உரிமை இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

கேம் நதியில் தட்டைப் படகில் போகாமல் வராதீர்கள். ஆள் தள்ளும் படகில் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரத்தில் கல்லூரிகளின் பின்புறம் முழுவதையும் காட்டிவிடுவார்கள். நீங்களே தள்ளுவதானால், பின்பக்கத்து மேடையில் நின்று, நீளக் கழியை நேராக ஆற்றில் விட்டு, அடி தட்டியதும் அழுத்துங்கள். எடுக்கும்போது லேசாகத் திருகி எடுங்கள், சேறு விட்டுவிடும். கழி சேற்றில் சிக்கிக்கொண்டால் உடனே கையை விட்டுவிடுங்கள்! பிடித்துக்கொண்டே நின்றால் படகு போய்விடும், நீங்கள் தண்ணீரில் இருப்பீர்கள். படகில் துடுப்பு ஒன்று கிடக்கும், அதை வைத்துத் திரும்பி வந்து கழியை எடுத்துக்கொள்ளலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பப்புக்குப் போகலாம், குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம். பல இடங்களில் மேசைக்கு யாரும் வரமாட்டார்கள். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு, கவுண்டரில் போய்ச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். சைவச் சாப்பாடு இப்போது எங்கும் கிடைக்கிறது. பெனட் தெருவில் உள்ள 'ஈகிள்' பப்பில்தான் 1953 பிப்ரவரியில் விஞ்ஞானி பிரான்சிஸ் கிரிக் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டுபிடித்துவிட்டதைச் சொன்னார்.

சரி, சாயங்காலத்துக்கு வருகிறேன். கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தைப் பகலில் பார்க்கக் கட்டணம் உண்டு. பல்கலைக்கழகம் நடக்கும் மாதங்களில், பெரும்பாலான மாலைகளில் 'ஈவன்சாங்' என்ற பாட்டு வழிபாடு நடக்கும். அதற்குக் கட்டணம் கிடையாது, எந்த மதத்தவரும் போகலாம். நேரத்தைக் கல்லூரியின் இணையதளத்தில் பார்த்துவிட்டு, கொஞ்சம் முன்னதாகவே போய் வரிசையில் நில்லுங்கள். வரிசையில் இடம் பிடித்து வைக்கும் பழக்கம் அங்கே எடுபடாது. கைப்பேசியை அணைத்துவிடுங்கள், படம் எடுக்கக் கூடாது. மற்றவர்கள் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தால் போதும். 16 சிறுவர்கள் பாட வேண்டும் என்பது கல்லூரியை நிறுவிய ஆறாம் ஹென்றி மன்னர் வகுத்த ஏற்பாடு. அந்தக் குரல்கள், விசிறி விரித்ததுபோல் செதுக்கிய கல் கூரை வரை ஏறும். பாட்டு முடிந்ததும் கைதட்டாதீர்கள். அது கச்சேரி அல்ல, வழிபாடு. வெளியே வரும்போது காணிக்கைத் தட்டில் மனம் போல் போடுங்கள். அதற்குப் பிறகும் லண்டனுக்கு நிறைய ரயில்கள் இருக்கின்றன.