இன்று ஞாயிற்றுக்கிழமை

(ஒரு கல்லூரித் தமிழ் மன்றக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

ஐரோப்பாவில் படித்த அனுபவத்தைப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். ஐஃபிள் கோபுரத்துக்குக் கீழே நின்று எடுத்த போட்டோ என்னிடமும் இருக்கிறது, சாப்பாட்டு நேரத்தில் காட்டுகிறேன். இப்போது ஒரு ஆணியைப் பற்றிப் பேசப் போகிறேன். (சிரிப்பு)

2018 அக்டோபரில் ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஃப்ரைபர்க் நகரத்துக்கு முதுகலை படிக்கப் போனேன். 1457-ல் தொடங்கிய பல்கலைக்கழகம். பழைய தெருக்களின் ஓரமாகச் சின்னச் சின்ன வாய்க்கால்கள் ஓடும். அதில் தெரியாமல் கால் வைத்தவர் அந்த ஊரில்தான் கல்யாணம் செய்துகொள்வார் என்பது அங்கே ஒரு பேச்சு. நான் மூன்று முறை வைத்தேன். ஷூ நனைந்ததுதான் மிச்சம்.

அம்மா என் பெட்டியில் தினசரி காலண்டர் ஒன்றை வைத்து அனுப்பியிருந்தார். ராகு காலம், எமகண்டம் எல்லாம் போட்ட, நாளுக்கொரு தாளாகக் கிழிக்கிற காலண்டர். நான் போய்ச் சேர்ந்த பிறகு வந்த இரண்டாவது ஞாயிறு மதியம் அதை மாட்ட ஆணி அடித்தேன். நாலாவது அடிக்கு அழைப்பு மணி அடித்தது. கீழ் வீட்டுப் பாட்டி. எழுபது வயதிருக்கும். சத்தம் போடவில்லை. "இன்று ஞாயிற்றுக்கிழமை" என்றார், அவ்வளவுதான். என்னுடைய ஜெர்மன் அறிவுக்கு, கிழமையைச் சரிபார்க்க வந்திருக்கிறார் என்று பட்டது. "ஆமாம்" என்று சொல்லிக் காலண்டரையும் தூக்கிக் காட்டினேன். (சிரிப்பு)

விஷயம் பிறகுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஓய்வான நாள், அதைச் சட்டம் காக்கும் என்று 1919-ல் எழுதிய அரசியல் சட்டத்திலேயே போட்டுவிட்டார்கள். 1949-ல் புதுச் சட்டம் எழுதியபோதும் அந்த வரியை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். கடைகள் மூடியிருக்கும். துளை போடுவது, புல் வெட்டுவது எதுவும் கூடாது. நமக்கு ஞாயிறு என்றால் கறிக்கடையில் வரிசை, பக்கத்து வீட்டு டிவி. அங்கே தெருவில் ஒருவர் நடந்து போவது மாடிவரை கேட்கும். முதல் மாதம் எனக்குக் காது அடைத்துப் போன மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை நாலு மணிக்கு மறுபடி மணி அடித்தது. பாட்டிதான். கையில் துளை போடும் மிஷின். கான்கிரீட் சுவரில் ஆணி இறங்காதாம். அவரே துளை போட்டு, ஸ்குரூ முடுக்கி, காலண்டரை மாட்டிவிட்டு, அன்றைய தாளையும் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வீடு இவ்வளவு கறாராகக் கோடு போட்டவர்கள், நாட்டுக்கு நாடு இருந்த கோட்டை அழித்து வைத்திருந்தார்கள். அதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

ஜெர்மன் எல்லையில் இருக்கும் கேல் என்ற சின்ன ஊரையும் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கையும் ரைன் நதி பிரிக்கிறது. 2017 முதல் இரண்டுக்கும் நடுவே டிராம் ஓடுகிறது. விசாவுக்காக ஒரு கட்டுக் காகிதமும், பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், 8,640 யூரோவும் காட்டிவிட்டுப் போனவன் நான். அந்த டிராமில் பாஸ்போர்ட்டை எடுத்துக் கையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் சீட்டில் ஒரு அம்மா, மடியில் குழந்தைக்கான டயப்பர் பொட்டலம். ஜெர்மன் பக்கம் சோப்பு, டயப்பர், சிகரெட் எல்லாம் விலை குறைவு என்று பிரெஞ்சுக்காரர்கள் வாங்க வருவார்கள். எல்லை எங்கே என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே பாலம் முடிந்துவிட்டது. 'பிரான்ஸுக்கு நல்வரவு' என்று செல்போனுக்குத்தான் குறுஞ்செய்தி வந்தது. பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அந்த ஸ்ட்ராஸ்பர்க் 1871-ல் ஜெர்மனியிடம் போனது, முதல் உலகப் போர் முடிந்ததும் பிரான்ஸுக்குத் திரும்பியது, 1940-ல் ஹிட்லரிடம் போனது, போரின் கடைசியில் மறுபடி பிரான்ஸ். 1860-ல் அங்கே பிறந்து 85 வயது வாழ்ந்த ஒருவர், வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே நாலு முறை நாடு மாறியிருப்பார். இன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் கூடுவது அந்த ஊரில்தான்.

ஃப்ரைபர்க் ரயில் நிலையத்தை ஒட்டி நீல நிற இரும்புப் பாலம் ஒன்று உண்டு. சைக்கிளும் ஆட்களும் மட்டும் போகலாம். சாயங்காலம் மாணவர்கள் அதன் வளைவில் ஏறி உட்கார்ந்து, கையில் பீரோடு சூரியன் இறங்குவதைப் பார்ப்பார்கள். அங்கே ஒரு மேல்கோட்டு கிடந்தது. யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எடுக்கப் போனேன். சில்லென்றிருந்தது, அசையவில்லை. வெண்கலம்.

1940 அக்டோபர் 22-ம் தேதி அந்த வட்டாரத்து யூதர்களை ஹிட்லரின் ஆட்கள் வீடு வீடாகப் போய்ப் பிடித்து ரயிலில் ஏற்றினார்கள். ஃப்ரைபர்க் இருக்கும் பாடன், பக்கத்துப் பலாட்டினேட், சார் பகுதிகளிலிருந்து 6,500 பேருக்கு மேல். பிரான்ஸின் தெற்கே கூர்ஸ் என்ற முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். பசியிலும் குளிரிலும் அங்கேயே இறந்தவர்கள் பலர். 1942 முதல் பலரை ஆஷ்விட்ஸ் என்ற கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். அந்த ஞாபகத்துக்குத்தான் அந்தக் கோட்டு. பாடனிலிருந்து போன ரயில்கள் கடந்ததும் நான் டயப்பர் பொட்டலத்துக்கு எதிரே உட்கார்ந்து கடந்த அதே ரைனைத்தான். அதற்குப் பிறகு அந்த டிராமில் ஏறும்போதெல்லாம் யாரும் எதையும் கேட்காதது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

2020 மார்ச் 16-ல் ஜெர்மனி எல்லையில் மறுபடி காவல் போட்டது. கொரோனா. டிராம் ஆற்றைத் தாண்டவில்லை. ஜெர்மனியின் கொன்ஸ்டன்ஸும் சுவிட்சர்லாந்தின் கிரொய்ட்ஸ்லிங்கனும் எல்லையில் ஒரே ஊர் மாதிரி ஒட்டிக் கிடப்பவை. நடுவே கம்பி வேலி போட்டார்கள். காதலர்கள் வேலி வழியாகக் கை பிடித்தார்கள் என்று, கொஞ்சம் தள்ளி இரண்டாவது வேலியும் போட்டார்கள்.

பாட்டியின் தங்கை ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்தார். காது மந்தம். வாரம் தவறாமல் டிராமில் வந்து போனவர், ஜூன் 15-ல் எல்லை திறக்கும்வரை வர முடியவில்லை. அந்த மூன்று மாதமும் பாட்டி பால்கனியில் நின்று, தெருவே கேட்கிற மாதிரி, போனில் கத்திக் கத்திப் பேசுவார். மதிய நேரத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில்.

நான் போய் மணி அடிக்கவில்லை.

நன்றி, வணக்கம்.