நான் கேன் கட்சி

வணக்கம் மக்களே. பின்னால் அலைச் சத்தம் கேட்கிறதா? தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு வந்திருக்கிறேன். காற்று பலமாக இருக்கிறது, அதனால் மைக்கைச் சட்டைக் காலருக்குள் செருகியிருக்கிறேன். 'அண்டர்டேக்கரைப் பற்றி எப்போது பேசுவாய்' என்று தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். அமெரிக்க ரெஸ்லிங் வீரர் அண்டர்டேக்கரைப் பற்றிப் பேச ஊரே இருக்கிறது. இன்றைக்கு ரெஸ்லிங் கதையில் அவருக்குத் தம்பியாக வருகிறவரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கேன்.

எங்கள் வீடு மஞ்சக்குப்பத்தில். அண்ணன் என்னைவிட மூன்று வயது பெரியவன். சட்டை, சைக்கிள், பள்ளிக்கூட அட்லஸ், எதுவாக இருந்தாலும் அவன் கைப்பட்டுத்தான் எனக்கு வரும். ரெஸ்லிங் டிரம்ப் கார்டு வாங்கிய அன்றைக்கும் அப்படித்தான். அவன் அண்டர்டேக்கர் சீட்டை உருவிக்கொண்டான். "இவர் என் ஆள். நீ அவர் தம்பியை வைத்துக்கொள்" என்று சிவப்பு உடை, முகமூடி போட்ட ஒரு சீட்டை என் பக்கம் தள்ளினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் ஒரு நாள் டென் ஸ்போர்ட்ஸில் அந்த ஆள் நடந்து வருவதைப் பார்த்தேன். மேல் கயிற்றைத் தாண்டிக் கால் வைத்து உள்ளே வந்தார். நடு ரிங்கில் நின்று இரண்டு கைகளையும் மெல்ல மேலே தூக்கி, ஒரே வீச்சில் கீழே இறக்கினார். நான்கு மூலைத் தூணிலிருந்தும் நெருப்பு சீறியது. அன்றிலிருந்து நான் கேன் கட்சி.

முகமூடிக்குப் பின்னால் இருந்தவர் பெயர் கிளென் ஜேக்கப்ஸ். 1967இல் ஸ்பெயினில் பிறந்தவர், அப்பா அமெரிக்க விமானப்படையில் இருந்தார். வளர்ந்தது செயின்ட் லூயிஸ் நகரத்துப் பக்கம். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர். கேன் ஆவதற்கு முன்னால் டபிள்யூடபிள்யூஎஃப், அதாவது பின்னாளில் டபிள்யூடபிள்யூஇ என்று பெயர் மாறிய அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனி, அவருக்கு வேறு வேஷங்கள் கொடுத்துப் பார்த்தது. 1995இல் ஐசக் யாங்கெம் என்ற பல் டாக்டர். 1996இல் டீசல். டீசலாக இருந்த கெவின் நாஷ் போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டார், அந்தப் பெயரையும் உடையையும் இவருக்கு மாட்டி மேடைக்கு அனுப்பினார்கள். ரசிகர்கள் ஏற்கவே இல்லை. இன்னொருவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கூட்டத்தின் முன்னால் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அண்ணன் சட்டை போட்டு வளர்ந்த எனக்கு அது நன்றாகவே புரியும்.

1997 அக்டோபர் 5. அதே செயின்ட் லூயிஸ். நம் கடலூர், விழுப்புரம் பக்கம் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கூத்தில் பெரிய வேஷம் நேராக வந்து நிற்காது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள், பின்னாலிருந்து சலங்கைச் சத்தம் மட்டும் வரும், கட்டியங்காரன் வருகிறவர் பெருமையைச் சொல்லிக்கொண்டே இருப்பான். முகம் தெரிவதற்குள் நமக்கு வயிற்றைப் பிசையும். இங்கே அந்தக் கட்டியங்காரன் வேலையைச் செய்தவர் பால் பேரர். அண்டர்டேக்கரின் பழைய மேனேஜர். பல மாதங்களாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: சின்ன வயதில் வீடு பற்றி எரிந்ததே, அதில் உன் தம்பி சாகவில்லை, உயிரோடு இருக்கிறான், வருகிறான்.

அன்றைக்குத்தான் முதல் ஹெல் இன் எ செல் போட்டி. கூரை போட்ட இரும்புக் கூண்டுக்குள் அண்டர்டேக்கரும் ஷான் மைக்கேல்ஸும். அண்டர்டேக்கர் ஜெயிக்கப்போகிற நேரத்தில் விளக்குகள் அணைந்தன. சிவப்பு வெளிச்சத்தில், பால் பேரர் முன்னால் நடக்க, கேன் வந்தார். கூண்டின் கதவைக் கையால் பிய்த்து எறிந்தார். அண்ணன் எதிரில் போய் நின்றார். கைகளைத் தூக்கி இறக்கினார், நெருப்பு. அதற்கப்புறம் அண்ணனுடைய சொந்த அடியான டூம்ஸ்டோனை அண்ணனுக்கே போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. இருபது முப்பது தடவை பார்த்துவிட்டேன், இப்போது பார்த்தாலும் அண்டர்டேக்கர் கண்ணில் வருகிற அந்த அதிர்ச்சியில்தான் என் பார்வை நிற்கும். அவர் யாரைப் பார்த்தும் அப்படி நின்றதில்லை.

முடிவு எல்லாம் முன்பே எழுதி வைத்ததுதானே, அதற்கு ஏன் இவ்வளவு என்று சிலர் கேட்பார்கள். துரியோதனன் விடிகாலையில் படுகளத்தில் சாவான் என்று தெரிந்துதான் நாம் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறோம். எப்படிச் சாகிறான், பீமன் வேஷக்காரர் அதை எப்படி ஆடுகிறார் என்று பார்க்க உட்கார்ந்திருக்கிறோம். ரெஸ்லிங்கும் எனக்கு அதுதான்.

தம்பியோடு மோத மாட்டேன் என்று அண்டர்டேக்கர் சொல்லிக்கொண்டே இருந்தார். 1998 ஜனவரியில் அவரைச் சவப்பெட்டிக்குள் பூட்டி, அந்தப் பெட்டிக்கே தீ வைத்தார் கேன். அதற்குப் பிறகுதான் மார்ச் 29, பாஸ்டன், கம்பெனியின் வருடாந்தரப் பெரிய திருவிழாவான ரெஸில்மேனியா 14. இதை நானும் அண்ணனும் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் சிடி வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். முதல் டூம்ஸ்டோன், கேன் எழுந்தார். இரண்டாவது, அதற்கும் எழுந்தார். மூன்றாவதில்தான் முடிந்தது. "பார்த்தாயா, என் ஆள் ஜெயித்தார்" என்றான் அண்ணன். "ஒன்று போட்டால் மற்றவர்கள் எல்லாம் காலி, என் ஆளுக்கு மூன்று தேவைப்பட்டது" என்றேன் நான். சிடியைத் திருப்பிக் கொடுக்கப் போகிற வழியெல்லாம் அதே சண்டை.

டூம்ஸ்டோன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எதிராளியைத் தலைகீழாகப் பிடித்து மண்டியிட்டு இறக்கும் அடி அது. அடிக்கிறவரின் முட்டிக்கு மேலே, தொடைகளுக்கு நடுவில், தரையைத் தொடாமல் தலை நிற்க வேண்டும். இரண்டு அங்குலம் தவறினாலும் கழுத்து போய்விடும். இப்படித் தலைகீழாகப் பிடித்து இறக்கும் அடிகளுக்குப் பைல்டிரைவர் என்று பொதுப் பெயர். 1997இல் வேறு வகைப் பைல்டிரைவர் ஒன்றில் ஸ்டோன் கோல்ட் ஆஸ்டின் என்ற பெரிய நட்சத்திரத்துக்குக் கழுத்தில் பலத்த அடி. பின்னாளில் டபிள்யூடபிள்யூஇ அந்த வகை அடிகளையே தடை செய்தது. ஆனால் இந்த அண்ணன் தம்பி இருவருக்கு மட்டும் டூம்ஸ்டோன் போட அனுமதி தொடர்ந்தது. தங்கள் கழுத்தைக் கேன் கையில் கொடுக்க மற்ற வீரர்கள் நம்பினார்கள் என்று இதற்கு அர்த்தம். அரக்கன் வேஷம் போட்ட மனிதரிடம் இருந்த மென்மையை நான் இதில்தான் பார்க்கிறேன்.

1998 ஜூன் 28இல் ஆஸ்டினைத் தோற்கடித்து டபிள்யூடபிள்யூஎஃப் சாம்பியன் பெல்ட்டை வாங்கினார். யாருக்கு முதலில் ரத்தம் வருகிறதோ அவர் தோற்றவர் என்ற போட்டி. மறுநாளே ஆஸ்டின் அதைத் திரும்ப வாங்கிவிட்டார். ஒரே ஒரு நாள். அதற்குப் பிறகு அந்த பெல்ட் கேன் இடுப்புக்கு வரவே இல்லை. ராயல் ரம்பிள் என்றால் முப்பது பேர் ஒவ்வொருவராக ரிங்குக்குள் வந்து, மேல் கயிற்றுக்கு வெளியே ஒருவரை ஒருவர் தூக்கிப் போடும் போட்டி. 2001 ராயல் ரம்பிளில் ஐம்பது நிமிடத்துக்கு மேல் உள்ளே நின்று பதினோரு பேரை வெளியே தூக்கிப் போட்டார். கடைசியில் மிச்சம் இருந்தவர்கள் ஆஸ்டினும் அவரும். ஜெயித்தது ஆஸ்டின். பதினோரு பேர் என்ற அந்தக் கணக்கு 2014 வரை யாராலும் முறிக்கப்படவில்லை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியைச் சொல்லாமல் போக முடியாது. தீபாவளிக்கு அப்பா வாங்கி வரும் புஸ்வாணத்தில் நான்கை நான் ஒளித்து வைத்துவிடுவேன். ராத்திரி மொட்டை மாடியின் நான்கு மூலையிலும் ஒவ்வொன்று. தெருப் பையன்கள் நான்கு பேர் கையில் ஊதுபத்தியோடு உட்கார்ந்திருப்பார்கள். நான் மாடிப்படியில் மெதுவாக ஏறி வந்து, நடுவில் நின்று, கையைத் தூக்கி இறக்குவேன். நான்கும் ஒரே நேரத்தில் பற்ற வேண்டும், அதுதான் கணக்கு. முதல் வருடம் இரண்டுதான் பற்றியது. அடுத்த வருடம் மூன்று. மூன்றாவது வருடம் அண்ணனே ஒரு ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். "திரி முனையைக் கொஞ்சம் கிள்ளிவிடுங்கடா, சீக்கிரம் பிடிக்கும்" என்று மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தான். அன்றைக்கு நான்கும் ஒன்றாகச் சீறியது. அண்டர்டேக்கர் கட்சிக்காரன் பற்ற வைத்த நெருப்பு அது.

2003 ஜூன். நான் ஏழாம் வகுப்பு. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் டிரிபிள் எச்சோடு போட்டி, தோற்றால் முகமூடியைக் கழற்ற வேண்டும். தோற்றார். அவர் பின்னந்தலைக்குக் கையைக் கொண்டுபோனபோது நான் டிவியை அணைக்கப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கழற்றினார். மழித்தும் மழிக்காமலும் ஒட்டு ஒட்டாக முடி, முகத்தில் அங்கங்கே கரி. ஆனால் தீக்காயம் இல்லை. அடுத்த நொடி தன் கூட்டாளி ராப் வான் டாமையே கழுத்தைப் பிடித்துத் தூக்கி அடித்தார்.

காயமே இல்லாத முகத்துக்கு எதற்கு ஆறு வருட முகமூடி என்று மறுநாள் பள்ளியில் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதில்தான் கதை ஆழமானது. அந்தக் காயம் அவர் மனத்தில் இருந்தது. முகத்தைப் பற்றி அத்தனை வருடம் அவர் தன்னைத்தானே நம்ப வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கோடைக் காலத்தில் அவர் கண்ணாலும் குரலாலும் செய்த நடிப்புக்கு ஈடாக நான் ரெஸ்லிங்கில் அதிகம் பார்த்ததில்லை.

நடுவில் சில கதைகள் எனக்குப் பிடிக்காது, அவற்றை விட்டுவிடுகிறேன். 2004 ரெஸில்மேனியாவில் மறுபடி அண்ணனிடம் தோல்வி. சரி, 2010க்கு வருவோம்.

ஜூலை 18. மணி இன் தி பேங்க் போட்டியில் ஏணி ஏறி, மேலே தொங்கிய பெட்டியை எடுத்தார். அந்தப் பெட்டி கையில் இருந்தால் சாம்பியனை எப்போது வேண்டுமானாலும் போட்டிக்கு இழுக்கலாம். அதே இரவில் ரே மிஸ்டீரியோவை வீழ்த்தி கம்பெனியின் இன்னொரு பெரிய பட்டமான வேர்ல்ட் ஹெவிவெயிட் பெல்ட்டை வாங்கினார். ஒரு நாள் சாம்பியன் என்று பன்னிரண்டு வருடம் பெயர் சுமந்தவர், இந்த முறை டிசம்பர் வரை வைத்திருந்தார். அதைவிடப் பெரியது, செப்டம்பரில் அண்டர்டேக்கரை ஜெயித்தார். அக்டோபர் தொடக்கத்தில் அதே ஹெல் இன் எ செல் கூண்டுக்குள் ஜெயித்தார், பால் பேரர் மறுபடி தம்பி பக்கம் வந்துவிட்டார். அதே மாதக் கடைசியில் உயிரோடு புதைக்கும் போட்டியிலும் ஜெயித்தார். மூன்று தடவை, வரிசையாக. மூன்று டூம்ஸ்டோனுக்கு மூன்று வெற்றி என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். அண்ணன் அப்போது ஷார்ஜாவில் வேலைக்குப் போயிருந்தான். போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஜெயிக்கட்டும்டா, அவனும் எத்தனை வருடம்தான் பொறுப்பான்" என்றான்.

2011 டிசம்பர் 12இல் புது முகமூடியோடு திரும்பி வந்து ஜான் சீனாவைத் தாக்கினார். எட்டு வருடம் கழித்து முகமூடி. எனக்கு ஒரே சந்தோஷம். டிசம்பர் 30 விடிகாலையில் 'தானே' என்ற புயல் கரையைக் கடந்தது. கடலூர்க்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் தெருவில் மின்கம்பங்கள் எல்லாம் படுத்துவிட்டன. நாட்கணக்கில் கரண்ட் இல்லை, தண்ணீருக்கு வரிசை. கேனும் சீனாவும் மோதிய அந்தத் தொடக்க வாரங்கள் எதையும் நான் பார்க்கவில்லை. வெளியூர் நண்பன் ஒருவன் ஒவ்வொரு வாரமும் நடந்ததைப் போனில் சொல்வான். போனை நான் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு கடையில் சார்ஜ் போட்டு வைத்திருப்பேன். இருட்டில் உட்கார்ந்து காதால் கேட்ட ரெஸ்லிங் அது.

2012இல் டேனியல் பிரையன் என்ற வீரரோடு ஜோடி. கோபத்தை அடக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் இருவரையும் உட்கார வைத்தார்கள். கேன் தன் வாழ்க்கையில் நடந்த பயங்கரங்களை எல்லாம் சாதாரணக் குரலில் வரிசையாகச் சொல்வார், கூட உட்கார்ந்திருப்பவர்கள் முகம் வெளிறிப்போகும். அவருக்குள் இப்படி ஒரு நகைச்சுவை நடிகர் இருந்தது அதுவரை யாருக்குத் தெரியும்? 245 நாள் டேக் டீம், அதாவது ஜோடிப் போட்டி, சாம்பியன்கள். அந்த மேடையில் பிரையன் மக்களுக்கு இன்னும் நெருக்கமானார். பெல்ட்டை இவர்களிடமிருந்து வாங்கியவர்கள் ரோமன் ரெயின்ஸும் செத் ராலின்ஸும். அடுத்த பத்து வருடத்தை ஆண்டவர்கள். ஆஸ்டின், பிரையன், ரெயின்ஸ் என்று யார் வளர்ந்த கதையை எடுத்தாலும், ஏதோ ஓர் இடத்தில் கேன் தோள் கொடுத்து நிற்கிறார். அண்டர்டேக்கரின் தம்பி என்று மட்டும் அவரைச் சொல்லும்போது எனக்கு மனம் வலிப்பது இதனால்தான்.

2018இல் டென்னசி மாநிலத்தில் நாக்ஸ் கவுண்டி மேயராகத் தேர்தலில் ஜெயித்தார், 2022இல் மறுபடியும். கோட்டும் டையும் போட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் படத்தை அம்மாவிடம் காட்டினேன். "இவனா அந்த நெருப்புக்காரன்?" என்று கேட்டார். 2020 நவம்பரில் அண்டர்டேக்கர் விடைபெற்ற இரவில், பழைய கூட்டாளிகள் பலர் சாதாரண உடையில் வந்திருந்தார்கள். மேயர் முகமூடி போட்டு, முழு வேஷத்தோடு வந்து அண்ணனுக்காக நின்றார். அடுத்த வருடம், கம்பெனி தன் பெரிய வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இவர் பெயர். அந்தச் செய்தியை இவருக்குச் சொன்னவர் அண்டர்டேக்கர்.

சரி மக்களே, இருட்டிவிட்டது. அண்ணன் இந்தத் தீபாவளிக்கு லீவு போட்டு வருகிறான். வந்ததும் இதே இடத்தில் அவனையும் உட்கார வைக்கிறேன், அண்டர்டேக்கரைப் பற்றி அவனே பேசட்டும். அந்த மூன்று டூம்ஸ்டோன் கணக்கையும் அன்றைக்கு உங்கள் முன்னால் வைத்தே பேசிக்கொள்கிறோம்.