வணிகக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு எந்த மெம்பிரேன்?

நேயர்களுக்கு வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும் ஆவணி, புரட்டாசி மாதங்களில் கடைக்காரர்களும் திருமண மண்டபத்தாரும் கட்டடப் பொறியாளர்களிடம் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு: “மாடியில் தண்ணீர் இறங்குகிறது, எந்த ஷீட் போட்டால் நிற்கும்?” இதற்கு நான் உடனே ஒரு பெயரைச் சொல்வதில்லை. மாடியில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள், யார் யார் ஏறி நடக்கிறார்கள் என்று முதலில் கேட்பேன்.

நான் பார்வையிட்ட ஒரு ஜவுளிக்கடையைச் சொல்கிறேன். அதன் கான்கிரீட் தளத்தின் மீது நான்கு மில்லிமீட்டர் தார் மெம்பிரேனை, அதாவது நீர் இறங்காமல் தடுக்கும் ஷீட்டை, நெருப்பால் உருக்கி ஒட்டியிருந்தார்கள். அடுத்த கோடையில் குளிர்சாதன இயந்திரம் பொருத்த வந்தவர்கள், இரும்புத் தாங்கியை நிறுத்துவதற்காக அதே மெம்பிரேனைத் துளைத்து போல்ட் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். துளை விழுந்தது பின்பக்கம், மாடிப்படி அறையை ஒட்டி. மழைக்காலத்தில் தண்ணீர் சொட்டியதோ முன்பக்கம், பட்டுப்புடவைப் பிரிவில். துளை வழியே இறங்கிய நீர், மெம்பிரேன் சரியாக ஒட்டாத இடங்களில் அதற்கும் கான்கிரீட்டுக்கும் இடையே ஓடி, எங்கே விரிசல் கிடைத்ததோ அங்கே கீழே இறங்கியிருக்கிறது. உரிமையாளர் சொட்டிய இடத்துக்கு நேர் மேலேயே திரும்பத் திரும்பப் புது ஷீட் ஒட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் மாடியைப் பகுதி பகுதியாகச் சிறு வரப்புக் கட்டி நீர் தேக்கிப் பார்த்த பிறகுதான் குற்றவாளி அகப்பட்டது. இயந்திரங்களுக்குக் கான்கிரீட் மேடைகளை முதலிலேயே கட்டி, மெம்பிரேனை அந்த மேடைகளின் மீதும் ஏற்றி ஒட்டியிருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது.

ஆகவே, மாடியில் என்ன இருக்கப்போகிறது என்பதே முதல் கேள்வி. தளத்தின் மேல் நம் ஊர் வழக்கப்படி தட்டோடு பதிக்கப்போகிறீர்கள் என்றால், தாருடன் ஏபிபி என்னும் பிளாஸ்டிக் வகையைச் சேர்த்து, நடுவே பாலியஸ்டர் துணி வைத்துச் செய்த மெம்பிரேன் பொருத்தமானது. சாதாரணத் தாரைவிட இது வெயிலுக்கு இளகாமல் நிற்கும். சூரியனின் புற ஊதாக் கதிர் அதை வறட்டி வெடிக்கச் செய்யாதபடி ஓடு காக்கும். ஆனால் பின்னாளில் கசிவைத் தேட வேண்டுமானால் பதித்த ஓடுகளை உடைத்தாக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உணவகத்தின் மாடி என்றால் கணக்கே வேறு. சமையலறைப் புகைபோக்கியிலிருந்து படியும் எண்ணெய்ப் பிசுக்கு தாரை இளக்கும். ஈபிடிஎம் எனப்படும் செயற்கை ரப்பரை உப்பச் செய்யும். அங்கே பிவிசி மெம்பிரேன் நன்றாகத் தாங்கும். பழைய தார்ப்பூச்சின் மேல் அதை நேராக விரித்துவிடக் கூடாது. பிவிசியின் நெகிழ்வுக்குக் காரணமான பொருளைத் தார் உறிஞ்சிக்கொண்டால் ஷீட் விறைத்துப்போகும். இடையில் ஒரு தடித்த துணி விரிப்பு அவசியம்.

மேலே எதுவும் மூடாமல் வெயிலில் கிடக்கும் பெரிய மாடிகளுக்கு வெள்ளை நிற டிபிஓ என்னும் பிளாஸ்டிக் வகை ஷீட்டை அல்லது பிவிசியை நான் விரும்புவேன். வெளியே 40 டிகிரி வெயில் அடிக்கும்போது கறுப்புத் தளம் 65 டிகிரியையும் தாண்டிவிடும். வெள்ளை அவ்வளவு சூடேறாது, மின்கட்டணமும் அதற்கேற்பக் குறையும். வெப்பக் காற்றால் இணைப்புகளை உருக்கி ஒட்டுவதால், மூட்டுகளும் பசையை நம்பியிருப்பதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் எங்கே போனாலும் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்: வாட்டம், வாட்டம், வாட்டம். மழைநீர்க் குழாயின் வாயை நோக்கி நூறு அடிக்கு ஓர் அடியாவது தளம் சரிய வேண்டும். மழை விட்டு இரண்டு நாளாகியும் குட்டை தேங்கி நிற்கிற மாடியில் எவ்வளவு விலையுயர்ந்த ஷீட்டும் மூட்டுகளில்தான் முதலில் தோற்கும். கைப்பிடிச் சுவரில் மெம்பிரேன் குறைந்தது அரை அடி உயரம் ஏறி, சுவரில் வெட்டிய காடியினுள் முடிய வேண்டும். நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை சுவரோரத்திலும் குழாய் வாயிலும் தொடங்கியவையே தவிர, விரிந்து கிடக்கும் நடுத்தளத்தில் அல்ல. ஷீட் விற்பவர் காட்டும் பத்தாண்டு உத்தரவாதத் தாளைப் படிப்பதற்கு முன், அந்த ஓரங்களை யார் முடிக்கப்போகிறார், அவர் முன்பு முடித்த மாடி எங்கே இருக்கிறது என்று கேட்டு, நேரில் போய்ப் பாருங்கள்.

திரவமாகப் பூசும் பாலியூரித்தேன் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். குழாய்கள் நெருக்கமாக உள்ள சிறு மாடிகளுக்கு அது நல்லது, மூட்டே கிடையாது. ஆனால் ஈரக் கான்கிரீட்டின் மேல் பூசினால் கொப்புளம் எழும். ஆகவே அந்த வேலையைப் பங்குனியிலோ சித்திரையிலோ வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தாலும், 48 மணி நேரம் நீர் தேக்கிச் சோதித்த பிறகே கடைசித் தவணைப் பணம் தரப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். நன்றி, வணக்கம்.